இரண்டாவது தாளப்பொறி

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்துரைத்தல் தமிழர் மரபு. இவற்றுள் தோற்கருவிக்கு நம் முன்னோர் அளித்த இடம் பெரிது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தார். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதை உரையிலே தோற்கருவிகளின் பெயர்களை நீண்ட நிரலாகத் தொகுத்தளித்தார். அந்நிரலில் இடம்பெறாத கருவியொன்று இன்று நம் ஊர்களிலே புகுந்திருக்கின்றது. அது தோலுமன்று, துளையுமன்று, நரம்புமன்று, கஞ்சமுமன்று. மின்னோட்டத்தினாலே தாளத்தைத் தானே முழக்குவது. இளைஞர் அதனை 'ட்ரம் மெசின்' என்று வழங்குவர். இக்கட்டுரையில் அதனைத் தாளப்பொறி என்று கூறுவாம்.

இதனைப் பற்றி எழுத நேர்ந்த காரணம் ஒன்றுண்டு. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நிலாவெளியிலே வாழும் பழைய மாணவர் ஒருவர், கடற்கரை விடுதிகளிலும் திருமண வீடுகளிலும் கோயில் விழா மேடைகளிலும் இசை வழங்கும் சிறு குழுவொன்றினை நடத்துகின்றார். அவரிடம் தாளப்பொறி ஒன்று உண்டு. மிருதங்கம் வாசித்த நண்பர் வேலை தேடி மத்திய கிழக்கு நாடொன்றிற்குச் சென்றபின் அவ்விடத்தை நிரப்ப வாங்கியது அது. இப்பொழுது குழுவில் எஞ்சியிருக்கும் தோற்கருவியாளர் தபேலா வாசிக்கும் ஒருவரே. பருவகாலத்து வருவாயில் ஒரு தொகையை மிச்சம் பிடித்த அம்மாணவர், "ஐயா, இரண்டாவது பொறி ஒன்றை வாங்கலாமா?" என்று எம்மை வினவினார். அத்தொகை ஏறத்தாழத் தபேலாக்காரரின் ஒரு பருவகாலச் சம்பளத்திற்குச் சமமானது என்பதையும் அவரே கூறினார். வினா சிறிதாயினும் அதன் வேர் ஆழமானது. ஆதலின் அதற்கு விடையிறுக்குமுன் பொறியின் வரலாற்றையும் இயல்பையும் ஆராய்தல் முறையாகும்.

பொறியின் வரலாறு

தானே முழங்கும் முரசு புதியதோர் எண்ணமன்று. அல்-சசரி என்னும் பொறியியல் அறிஞர் 1206 இல் நிறைவுசெய்த தமது நூலிலே, நீரோட்டத்தினால் இயங்கும் பாவைக் கலைஞர்களை ஏற்றிய படகொன்றை விவரித்தார். சுழலும் உருளையில் நாட்டப்பட்ட முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பாவைகள் முரசறைந்தன. முளைகளின் இடத்தை மாற்றினால் தாளமும் மாறும். எந்த இடத்தில் அடி விழவேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்தல் என்னும் அடிப்படை அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மின்னினால் இயங்கும் தாளக்கருவி அமெரிக்காவில் 1931 ஆம் ஆண்டளவில் தோன்றியது. இசையறிஞர் என்றி கவல் வேண்டிக்கொண்டதற்கிணங்க இரசிய அறிஞர் லியோன் தெரமின் அதனை அமைத்தார். 1959 இல் வுர்லிற்சர் நிறுவனம் 'சைட்மன்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சுழலும் வட்டத்தட்டும் அதன் மீதமைந்த மின்தொடுகைகளுமே அதன் உள்ளுறுப்புகள். வால்ற்சு, தாங்கோ முதலிய நடன அடைவுகள் அதில் முன்னரே பதிந்திருந்தன. வாங்கியவர் தாமாக ஒன்றை ஆக்க இயலாது.

யப்பானியரான இக்குதாரோ காக்கேகாசி 1972 இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் சீ.ஆர்.-78 என்னும் பொறி 1978 இலும், டி.ஆர்.-808 என்னும் பொறி 1980 இலும் வெளிவந்தன. அதே 1980 இல் அமெரிக்கரான ரொஜர் லின் எல்.எம்.-1 என்னும் பொறியை வெளியிட்டார். உண்மையான முரசொலிகளை எண்முறையிற் பதிந்து அவற்றைத் திருப்பி ஒலித்த முதற்பொறி அது. அதன் விலை ஏறத்தாழ 5,000 டொலர். விற்பனையானவையோ 500 அளவினவே. டி.ஆர்.-808 இன் விலை 1,195 டொலர். அதன் ஒலி இயற்கை முரசை ஒத்திலது என்று பலர் இகழ்ந்தனர். ஏறத்தாழ 12,000 பொறிகள் செய்யப்பட்டபின் 1983 இல் உற்பத்தி நின்றது. பழைய பொருட்கடைகளிலே மலிந்த விலைக்குக் கிடைத்த அப்பொறிகளைப் பொருள்வசதி குன்றிய இளைஞர் வாங்கினர். அவ்வொலியைக் கொண்டே புதிய இசைவகைகளைப் படைத்தனர். இகழப்பட்ட பொறி பின்னர் உலகிலே மிக விரும்பப்படும் பொறிகளுள் ஒன்றாயிற்று. இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. பொறியின் மேன்மை அதன் விலையில் இல்லை. அதனைக் கையாள்வோன் அதன் குறையையும் தன் வயமாக்கிக்கொள்ளும் திறத்திலே உள்ளது.

ஒலி பிறக்கும் முறை

தாளப்பொறி ஒலியை இருவழிகளில் ஆக்குகின்றது. முதலாவது, மின்சுற்றுகளால் ஒலியை இயற்றுதல். டி.ஆர்.-808 இவ்வகையினது. அதன் பெருமுரசொலி, ஒருகணம் தூண்டப்பட்டு மெல்ல அடங்கும் ஓர் அதிர்வுச் சுற்றிலிருந்து பிறப்பது; மணியை ஒருமுறை தட்டிவிட்டால் அது ஒலித்து ஓய்வதை ஒத்தது. சிறுமுரசொலிக்கு அதிர்வுடன் இரைச்சலும் கலக்கப்படும். தாளத்தட்டின் ஒலி, ஒன்றோடொன்று இயையாத ஆறு சதுர அலைகளின் கலவை. இரண்டாவது வழி, இயற்கைக் கருவியின் ஒலியைப் பதிந்துவைத்து வேண்டும்போது எழுப்புதல். எல்.எம்.-1 இவ்வகையினது. 1983 இல் வந்த டி.ஆர்.-909 இருவகையையும் கலந்தது: முரசொலிகளைச் சுற்றுகளாலும், தாளத்தட்டுகளின் ஒலியைப் பதிவினாலும் தந்தது. இக்காலப் பொறிகள் பலவும் இம்மூன்றனுள் ஒன்றைச் சார்ந்தவையே.

நம் கருவிகளைப் பொறியினால் ஒலிக்கச்செய்தல் ஏன் கடினம் என்பதற்கு இயற்பியல் விடை தருகின்றது. சாதாரண முரசுத் தோலின் மேற்சுரங்கள் அடிச்சுரத்திற்கு 1.59, 2.14 முதலிய பின்ன மடங்குகளில் அமைவன. அதனால் அவ்வொலியில் தெளிவான சுருதி தோன்றாது. மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் நடுவே பூசப்படும் கருஞ்சாந்து இக்குறையை நீக்குகின்றது. சர் சி. வி. இராமன் 1920 இல் 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934 இலும் எழுதிய கட்டுரைகளில் இதனை விளக்கினார். கருஞ்சாந்தின் நிறையினால் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழுமடங்குகளாக ஒழுங்குபட, தோற்கருவி நரம்புக்கருவியைப்போலச் சுருதியோடு பேசுகின்றது. அதனோடு விரலின் இடமும் அழுத்தமும், இடக்கையின் கும்காரமும் ஒவ்வோர் அடியிலும் வேறுபடுகின்றன. பதிவுசெய்த ஒற்றையொலியைத் திரும்பத் திரும்ப எழுப்பும் பொறி இவ்வேறுபாடுகளை இழந்துவிடும். ஒரு பொறியிடம் இல்லாத இவ்வியல்பு இரண்டு பொறிகளைச் சேர்த்துவைப்பதனால் வந்துவிடாது என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பதினாறு படிகளும் நம் தாளங்களும்

பெரும்பாலான தாளப்பொறிகளின் முகப்பிலே பதினாறு பொத்தான்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு படி. எப்படியில் எவ்வொலி எழவேண்டுமோ அப்பொத்தானை அழுத்திவிட்டால், பொறி முதற்படியிலிருந்து இறுதிப்படிவரை சென்று மீண்டும் முதலுக்குத் திரும்பும். மேனாட்டு நான்கடித் தாளத்தை அடிக்கு நான்காகப் பகுத்ததனால் வந்த எண் பதினாறு.

நம் ஆதிதாளம் எட்டு அட்சரம் உடையது. அட்சரத்திற்கு இரு படி வைப்பின் பதினாறு படிகளில் ஓர் ஆவர்த்தனம் அடங்கும். சதுச்ர நடையின் நான்கு மாத்திரையையும் காட்டவேண்டின் 32 படிகள் வேண்டும். வழக்கிலுள்ள ரூபகத்திற்கு 12 படிகளும், மிச்ரசாபிற்கு 14 படிகளும், கண்டசாபிற்கு 10 படிகளும் போதும். திச்ரநடை ஆதிதாளம் 24 படிகளை வேண்டும். அதனைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரு பகுதிகளில் அமைக்கலாம். பொறியின் இறுதிப்படி எதுவெனக் குறிக்கும் வசதியிருப்பின் இவையாவும் ஒரே பொறியில் இயலும். பலர் அவ்வசதியைத் தேடிப்பாராமலே தம் பொறி நான்கடித் தாளத்திற்கே உரியது என்று எண்ணி வேறொன்றை நாடுகின்றனர்.

இரண்டாவது பொறியினால் கிடைக்கும் உண்மையான இசைப்பயன் ஒன்று இவ்விடத்திலேதான் தோன்றுகின்றது. ஒரு பொறி 16 படிகளிலும் மற்றொன்று 14 படிகளிலும் ஒரே வேகத்தில் ஓடுமாயின், இரண்டும் ஒருங்கே தொடங்கி, பின்னர் விலகி, 112 ஆவது படி முடிந்ததும் மீண்டும் ஒன்றுசேரும். முதலாவது ஏழு சுற்றும் இரண்டாவது எட்டுச் சுற்றும் அதற்குள் முடித்திருக்கும். நிமிடத்திற்கு 120 அடி என்னும் வேகத்தில் ஒரு படிக்கு எட்டில் ஒரு செக்கன் ஆதலின், 14 செக்கனுக்கு ஒருமுறை இரண்டும் சமத்தில் கூடும். 16 உம் 12 உம் 48 படிகளிலும், 16 உம் 10 உம் 80 படிகளிலும் கூடும். பள்ளியிற் கற்ற பொதுமடங்குகளுட் சிறியது என்னும் கணக்கே இது. தனி ஆவர்த்தனத்திலே கலைஞர் ஒருவர் வேறொரு கணக்கில் விலகிச்சென்று சமத்தில் வந்து விழும்போது அவையோர் அடையும் உவகையின் எலும்புக்கூடு இக்கணக்கிலே உள்ளது.

ஆயினும், 2017 இல் வெளிவந்த எலெக்ட்ரோன் டிஜிற்றாக்ற் போன்ற பொறிகளில் ஒவ்வோர் ஒலித்தடத்திற்கும் வெவ்வேறு நீளத்தைத் தனித்தனியே அமைக்கலாம். அத்தகைய ஒரு பொறியே இரு பொறிகளின் வேலையைச் செய்யும். ஆகவே, இப்பயனை நாடுவோர் தம்மிடம் உள்ள பொறிக்கு அவ்வாற்றல் உண்டா என்று முதலில் அதன் கைந்நூலைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டையும் இணைத்தல்

இரு பொறிகளை இணைக்காமல் அருகருகே ஓடவிடல் ஆகாது. ஒன்றின் வேகம் நிமிடத்திற்கு 120 அடியும் மற்றொன்றினது 120.5 அடியும் ஆயின், ஒரே நிமிடத்தில் அவை அரை அடி விலகிவிடும். ஒன்றன் அடி மற்றதன் இடைவெளியில் விழும். இதனைத் தவிர்க்க ஒரு பொறி தலைமை தாங்கித் துடிப்புகளை அனுப்ப, மற்றது அவற்றைப் பின்பற்றும். 1983 இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் பொதுநெறியின்படி ஓர் அடிக்கு 24 துடிப்புகள் அனுப்பப்படும். அதற்கு முந்திய ரோலண்ட் பொறிகளும் அடிக்கு 24 துடிப்புகளையே வேறொரு வகை இணைப்பினூடாக அனுப்பின. கோர்க் நிறுவனத்தின் பழைய பொறிகளோ 48 அனுப்பின. எனவே பழைய பொறியொன்றை வாங்கக் கருதுவோர், அது தம்மிடமுள்ளதுடன் எம்மொழியிற் பேசும் என்பதை முன்னரே அறிதல் வேண்டும். இடையே மொழிபெயர்க்கும் கருவியொன்றும் வேண்டப்படுமாயின் அதன் விலையும் கணக்கிற் சேரும்.

இரட்டைத் தவில் கூறும் நெறி

இரண்டாவது தாளக்கருவி எதற்கு என்னும் வினா நம் மரபிற்குப் புதியதன்று. பெரியமேளத்திலே இரு நாதசுரமும் இரு தவிலும் அமைவது வழக்கம். பலாமரக் கூட்டினையுடைய தவிலின் வலந்தலையை விரற்கூடணிந்த கையாலும் தொப்பியைக் கோலாலும் முழக்குவர். ஒரு தவிலே கோயில் வீதியை நிறைக்கப் போதிய ஓசையுடையது. ஆகவே இரண்டாவது தவில் ஓசையைப் பெருக்குவதற்காக வந்ததன்று. முதல்வர் ஒரு கோவையை வாசிக்க, மற்றவர் அதனை வாங்கி வேறுவிதமாக விடையிறுக்கின்றார். பின்னர் இருவரும் கோவையைப் படிப்படியாகக் குறைத்துக் குறைத்து இறுதியில் ஒன்றாகச் சேர்ந்து முடிக்கின்றனர். கடலின் இருகரையிலும் புகழ்பெற்ற யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற பெருங்கலைஞரும் பக்கத்தில் மற்றொரு தவிலோடு அமர்ந்தே வாசித்தனர். இதிலிருந்து பெறப்படும் நெறி யாது? முதற்கருவி கூறியதையே மீளக்கூறும் இரண்டாவது கருவி வீண். அதற்கு விடைகூறும் இரண்டாவது கருவியே தேவை.

இந்நெறி இக்கால இசையிலும் மெய்ப்படுகின்றது. 1982 இல் பம்பாயைச் சேர்ந்த சரண்சித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர், பத்து இராகங்களை நடனத் தாளத்திற்கு அமைத்து இசைத்தட்டொன்றை வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: தாளத்திற்கு டி.ஆர்.-808, அடித்தொனிக்குத் டி.பி.-303, இராகத்திற்கு யூப்பிற்றர்-8 என்னும் விசைப்பலகை. மூன்றும் ஒரே துடிப்பிற்கு ஓடின. ஆயினும் ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யவில்லை. வெளிவந்தபோது கேட்பாரற்றுக் கிடந்த அவ்விசைத்தட்டு 2010 இல் மறுபதிப்பானபின் உலகெங்கும் வியந்து பேசப்பட்டது.

மற்றொரு சான்று நம்மவருடையது. இலண்டனிற் பிறந்து, குழந்தைப்பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகப்புகழ் பெற்றவர். ரோலண்ட் எம்.சி.-505 என்னும் ஒரேயொரு தாளப்பொறி அவர் கைக்குக் கிடைத்தது. அதுவும் நண்பர் ஒருவர் உதவியது. அதனைக் கொண்டே தம் பாடல்களின் முதல் வடிவங்களை அவர் அமைத்தார். அவற்றிலிருந்து வளர்ந்த 'அருளர்' என்னும் தொகுப்பு 2005 இல் வெளிவந்து, பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த தொகுப்பாகிய 'கலா' 2007 இல் வெளிவந்தது. புகழும் பொருளும் வந்தபின் எத்தனை பொறிகளையும் அவர் வாங்கியிருக்கலாம். அவரோ தமிழகம் சென்று உறுமிமேளக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவுசெய்து அத்தொகுப்பிலே சேர்த்தார். முதற்பொறிக்கு விடைகூறவல்ல இரண்டாவது குரலை அவர் மனிதர் கையிலே கண்டார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

கெடுவது

ஒரு செயலைத் தொடங்குமுன் அதனால் அழிவது யாது, விளைவது யாது, பின்னர் நின்று பயக்கும் ஊதியம் யாது என்னும் மூன்றையும் எண்ணுக என்பது தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் வகுத்த முறை. அம்முறையே நமக்கும் பொருந்தும்.

அழிவது முதற்கண் பொருள். நிலாவெளியிலே விடுதிகளுக்குப் பயணிகள் பெருகி வருவது, மேற்குக்கரை தென்மேல் பருவக்காற்றினால் கொந்தளிக்கக் கிழக்குக்கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதற் புரட்டாதி வரையுள்ள மாதங்களில். ஐப்பசிக்குப்பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் விடுதிமேடைகள் வெறுமையாகும். அரையாண்டு ஈட்டி ஓராண்டு உண்ணும் வாழ்விலே, மிச்சப்பணம் என்பது மாரிகாலத்து உணவும் ஆகும். 2022 இல் நம் நாணயம் சில வாரங்களுள் பெருவீழ்ச்சியுற்றதையும், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதையும் கண்டவர்கள் இதனை எளிதாகக் கொள்ளமாட்டார்கள். இறக்குமதிப் பொருளின் விலை டொலரைப் பின்பற்றுவது. நம் வருவாய் அதனைப் பின்பற்றுவதில்லை.

இரண்டாவது, பேணுஞ் செலவு. கடற்காற்றின் உப்பீரம் இரும்பை மட்டுமா தின்னுகின்றது? பொறியின் திருகுகுமிழ்களிலும் இணைப்புத் துளைகளிலும் படிந்து கரகரப்பை உண்டாக்குகின்றது. உறையிட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளுடன் பெட்டியில் வைத்தல் இன்றியமையாதது. இரண்டு பொறிகளாயின் இரட்டிப்புக் கவனம் வேண்டும். யப்பானிலிருந்து வரும் பழைய பொறிகள் 100 உவோற்று மின்னுக்கு அமைந்தவை. நம் நாட்டின் மின்னோ 230 உவோற்று. இடையே மின்மாற்றி இல்லாது நேரே பொருத்தின் பொறி ஒரு நொடியிற் கருகும். இவ்வகையில், மின்கலங்களால் இயங்கும் சிறு பொறிகள் நமக்கு மிகவும் ஏற்றவை. 2013 இல் வந்த கோர்க் வோல்க்கா பீற்ஸ் ஆறு சிறு மின்கலங்களால் இயங்கும். 808 இன் ஒலியை மீட்டுத் தரும் ரோலண்ட் டி.ஆர்.-08 (2017) நான்கினால் இயங்கும்.

மூன்றாவது, காலம். இதனைப் பலர் எண்ணுவதில்லை. புதிய பொறியின் பொத்தான்களைக் கற்கும் வாரங்களிலே பழைய பொறியில் கை பழகுவது நின்றுபோகும். மேடையில் இரு பொறிகளை ஒரே வேளையில் ஆள்வதற்குக் கை இரண்டும் கண் இரண்டும் போதாமற் போவதுண்டு; இசைஞர் அவையை நோக்காது குமிழ்களையே நோக்கி நிற்பார். அவையோடு உறவு அறுந்தபின் தாளம் எத்துணைச் செப்பமாயினும் பயனில்லை.

ஆவதும் ஊதியமும்

இனி, விளையும் நன்மையை நடுநின்று நோக்குவாம். இரண்டாவது பொறி வேண்டப்படும் நிலைமைகளும் உள. அவற்றை நான்கு வினாக்களால் அறியலாம்.

முதலாவது: முதற்பொறியின் எல்லையைக் கண்டாயிற்றா? அதிலுள்ள ஒலிகளையெல்லாம் சுருதி மாற்றியும் நீளம் மாற்றியும் பார்த்து, இறுதிப்படியை மாற்றி நம் தாளங்களை அமைத்து, அழுத்த வேறுபாடுகளை இட்டு, இருபது முப்பது அமைப்புகளையேனும் தாமே ஆக்கியவர்க்கே அதன் எல்லை புலப்படும். ஐந்தாறு அமைப்புகளோடு நின்றவர்க்குச் சலிப்பு வந்திருக்கலாம், எல்லை வந்திராது. சலிப்பைப் புதிய பொருள் சில நாட்களுக்கே போக்கும்.

இரண்டாவது: புதியது வேறு இனத்ததா? முதலாவது சுற்றொலிப் பொறியாயின், இரண்டாவது பதிவொலிப் பொறியாக இருத்தல் நன்று. பதிவொலிப் பொறியில் நம் ஊர்த் தவிலையும் பறையையும் உடுக்கையும் நாமே பதிந்து இடலாம். பெங்களூரின் ரேடல் நிறுவனம் செய்யும் தாள்மாலா போன்ற மின்தபேலாக் கருவிகள் சாதகத்திற்குத் துணையாவன. நம் இசைக்குழுக்களில் வழங்கும் ஒக்டபாட் தானே முழங்குவதன்று, குச்சியால் அடித்து முழக்குவது. ஆதலின் பொறியின் ஒழுங்கிற்கு எதிராக மனிதக் கையின் நெகிழ்ச்சியைத் தரும். ஒரே இனத்துப் பொறி இரண்டு வைத்திருப்பது, ஒரே நூலின் இரு படிகளை வாங்கி நூலகம் நிறைந்தது என்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது: மேடையில் முதற்பொறி பழுதுற்றால் நிகழ்ச்சி நின்றுவிடுமா? நின்றுவிடுமாயின் மாற்றுக்கருவி ஒன்று வேண்டியதே. ஆயினும் அதற்கு மலிந்த சிறு பொறியோ, கைத்தொலைபேசியிற் பதிந்துவைத்த தாளமோ போதும். பெருவிலைப் பொறி வேண்டியதில்லை. கணினியும் கைத்தொலைபேசியும் இன்று தாளப்பொறியின் வேலையைப் பெரும்பாலும் செய்கின்றன. கையினால் தொட்டு உடனே மாற்றத்தக்க பொத்தான்களும் குமிழ்களும் இருப்பதே தனிப்பொறியின் சிறப்பு. அச்சிறப்பு வேண்டாதவிடத்து அதற்கு விலைகொடுத்தல் வீண்.

நான்காவது: அப்பொறி ஒரு பருவகாலத்துள் தன் விலையைத் தானே மீட்டுத்தருமா? புதிய பொறி வந்ததனால் கூடுதலாகக் கிடைக்கும் நிகழ்ச்சிகள் இத்தனை என்று விரல்விட்டு எண்ணக்கூடுமாயின் வாங்குக. "வாங்கினால் வரும்" என்பது கணக்கன்று, ஆசை.

இந்நான்கு வினாக்களையும் அம்மாணவரிடம் கேட்டோம். அவருடைய பொறியில் இறுதிப்படியை மாற்றும் வசதி இருந்தது. அவர் அதனை ஒருநாளும் பயன்படுத்தியிலர். ரூபகத்திற் பாடவேண்டிய பாடல்களை இதுவரை நிகழ்ச்சியிற் சேர்க்காமலே விட்டிருந்தார். அவர் விரும்பிய புதிய பொறியும் முன்னதன் இனத்ததே. கூடுதல் நிகழ்ச்சிகளை எண்ணச்சொன்னபோது அவர் முறுவலித்து வாளாவிருந்தார்.

பொறியும் மனிதரும்

இவ்வினாவில் எண்ணினால் அடங்காத கூறு ஒன்று எஞ்சியுள்ளது. கோயில்கள் பலவற்றில் மின்மோட்டரால் இயங்கும் மணியும் முரசும் இன்று பூசைவேளையில் முழங்குகின்றன. முழக்குவார் இல்லாத இடத்தில் அவை வந்தன என்பர். அது பெரிதும் உண்மையே. ஆயினும் அவை வந்தபின் முழக்கக் கற்பாரும் குறைந்தனர் என்பதும் உண்மை. பொறி வெற்றிடத்தை நிரப்புகின்றது. நிரப்பியபின் அவ்விடம் இனி வெற்றிடம் என்று எவர்க்கும் தோன்றுவதில்லை. மிருதங்கக்காரர் சென்றபின் முதற்பொறி வந்தது. அதில் எவர்க்கும் குறையில்லை. இரண்டாவது பொறியோ சென்றவரின் இடத்தை நிரப்புவதற்கன்று, இருப்பவரின் இடத்தைக் குறுக்குவதற்கு வருவது. தபேலாக்காரரின் சம்பளத்தொகை பொறியின் விலையாக மாறுமாயின், அடுத்த ஆண்டு மேடையில் இரு பொறிகளும் ஒரு பாடகருமே எஞ்சுவர்.

பொறியைப் பகைக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஆர்மோனியமும் வயலினும் கடல்கடந்து வந்து நம்முடையவாயின. தாளப்பொறியும் அவ்வாறே நம்முடையதாகலாம். ஆனால் வயலின் நம்முடையதானது, நம்மவர் அதனை மடியிற் சாய்த்து அமர்ந்து, கமகத்தை அதன் நரம்பிலே பேசச்செய்த பின்னரே. தாளப்பொறியும் நம் தாளங்களைப் பேசக் கற்றபின்னரே நம்முடையதாகும். அவ்வுழைப்புப் பொறியை வாங்குவதனால் நிகழ்வதன்று. உள்ள பொறியோடு மாரிகாலம் முழுவதும் அமர்ந்திருப்பதனால் நிகழ்வது.

ஆகவே யாம் அவர்க்குக் கூறிய விடை இது. இவ்வாண்டு இரண்டாவது பொறி வேண்டாம். முதற்பொறியில் ரூபகத்தையும் இரு சாபுகளையும் அமைத்துப் பழகுக. பதினாறு படியின் மேல் பதினான்கைத் தபேலாக்காரர் கையால் வாசிக்க, 112 ஆவது படியில் இருவரும் சமத்தில் கூடுமாறு பயிற்சி செய்க. பொறி தவறாது, அவர் தவறலாம், தவறாது வந்து சேரும் அந்தக் கணத்திலே அவையோர் நிமிர்ந்து அமர்வர். மிச்சப்பணத்தில் ஒரு பகுதியை மாரிகாலத்திற்கு வைத்து, எஞ்சியதை அவருக்குச் சம்பளமாகக் கொடுக்க. அடுத்த பருவம் முடிந்தபின் முதற்பொறியின் எல்லை உண்மையாகவே புலப்படுமாயின், வேறு இனத்துப் பொறி ஒன்றை, மின்கலத்தால் இயங்குவதாகப் பார்த்து வாங்கலாம்.

மாணவர் உடனே விடை கூறவில்லை. சிலநாள் கழித்து வந்து, மிச்ரசாபைப் பொறியில் அமைக்கும் வழியை விளக்குமாறு கேட்டார். உடன் வந்திருந்த தபேலாக்காரர் மூன்றும் நான்குமாகத் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது தாளக்கருவி எது என்னும் வினாவிற்கு அவர்கள் விடை கண்டுவிட்டனர் என்று கொண்டோம்.